முப்பது பேரை இறக்கிவிட்டுத் திரும்பிய ஹெலிகாப்டர்கள்: யாழ்ப்பாணம், அக்டோபர் 1987



இந்த முறை வரலாறு. நாம் பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்காத, ஆனால் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிற வரலாறு. கட்டுரை கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படிங்க.

முதலில் ஒரு கேள்வி. நீங்கள் ஒரு படைத்தளபதி. இருட்டில், வேறொரு நாட்டில், எதிராளியின் தலைமையகத்துக்குப் பக்கத்தில் ஒரு மைதானத்தில் சுமார் 500 பேரை ஹெலிகாப்டரில் இறக்கத் திட்டம் போட்டிருக்கிறீர்கள். 130 பேர் இறங்கியதும் எல்லாப் பக்கமிருந்தும் சுடுகிறார்கள். ஹெலிகாப்டர்களில் ஓட்டை விழுகிறது. இப்போது என்ன செய்வீர்கள்? மீதிப் பேரையும் அனுப்புவீர்களா? நிறுத்திவிடுவீர்களா? நிறுத்தினால் ஏற்கெனவே இறங்கியவர்களை யார் போய்க் கூட்டி வருவது?

இது கற்பனைக் கேள்வி இல்லை. 1987 அக்டோபர் 11-ம் தேதி இரவு, இந்திய அமைதிப்படையின் முன்னால் உண்மையாகவே வந்து நின்ற கேள்வி. அதற்குக் கிடைத்த பதிலில் ஒரு பிளாட்டூன் கிட்டத்தட்ட முழுவதுமாக அழிந்தது. அந்த முடிவு சரியா தவறா என்று இன்றைக்கும் ராணுவத்தில் வாதம் நடக்கிறது. அந்த வாதத்தைத்தான் இங்கே அலசப் போகிறேன்.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

கோயம்புத்தூர்க்காரனுக்கு யாழ்ப்பாணத்துச் சண்டை எதற்கு என்று கேட்கலாம். நாலு காரணம் சொல்கிறேன்.

ஒன்று, அன்று பறந்தவை எம்ஐ-8 ரக ஹெலிகாப்டர்கள். அவற்றை ஓட்டிய விமானப்படையின் 109-வது ஹெலிகாப்டர் பிரிவு இன்றைக்கு நம்ம சூலூரில் இருக்கிறது. 2021 டிசம்பர் 8-ல் ஜெனரல் பிபின் ராவத்தை ஏற்றிக்கொண்டு போய் குன்னூர் அருகே விழுந்த ஹெலிகாப்டரும் அந்தப் பிரிவுடையதுதான்.

இரண்டு, மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறினால் வெலிங்டன். மதராஸ் ரெஜிமென்டின் மையம் அங்கேதான். முப்படை அதிகாரிகளும் படிக்கிற ஸ்டாஃப் காலேஜும் அங்கேதான். போரில் முடிவு எடுப்பது எப்படி என்று சொல்லிக் கொடுக்கிற இடம் நம் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரம்.

மூன்று, சேலம் மாவட்டம் மேட்டூரை அடுத்த கொளத்தூரில் 1980-களின் நடுவில் விடுதலைப் புலிகளின் பயிற்சி முகாம் நடந்தது. யாழ்ப்பாணத்தில் இந்திய வீரர்களைச் சுட்ட இயக்கம் துப்பாக்கி பிடிக்கப் பழகிய இடங்களில் கொங்கு மண்ணும் ஒன்று.

நான்கு, பூலுவப்பட்டியிலும் பவானிசாகரிலும் இருக்கிற இலங்கைத் தமிழர் முகாம்கள். அந்தப் போர்களுக்குத் தப்பி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நம்மோடு படிக்கிறார்கள், வேலை செய்கிறார்கள்.

இதற்கு மேல் காரணம் வேண்டுமா?

மூன்றே மாதத்தில் நண்பன் எதிரியானது

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது பலருக்கும் தெரிந்த கதை.

1987 ஜூலை 29-ல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் போட்டார்கள். மறுநாளே இந்திய ராணுவம் யாழ்ப்பாணம் போய் இறங்க ஆரம்பித்தது. பெயரே அமைதிப்படை. சண்டை போடப் போகவில்லை. ஆயுதங்களை வாங்கி வைத்துவிட்டு, இரண்டு பக்கமும் அமைதி காக்கிறதா என்று பார்க்கப் போனார்கள். மக்கள் மாலை போட்டு வரவேற்றார்கள். ஆகஸ்ட் 4-ல் சுதுமலையில் பிரபாகரன் பேசினார். அடுத்த நாள் பலாலியில் கொஞ்சம் ஆயுதங்களைப் புலிகள் ஒப்படைத்தார்கள். கொஞ்சம்தான்.

செப்டம்பர் 15-ல் நல்லூர் கந்தசாமி கோயில் முன்னால் திலீபன் தண்ணீர்கூடக் குடிக்காமல் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். 26-ம் தேதி இறந்தார். அக்டோபர் 3-ல் குமரப்பா, புலேந்திரன் உட்பட 17 புலிகளை இலங்கைக் கடற்படை பிடித்தது. அவர்களைக் கொழும்புக்குக் கொண்டுபோகக் கூடாது என்று இந்தியத் தரப்பு பேசிப் பார்த்தும் நடக்கவில்லை. 5-ம் தேதி பலாலியில் எல்லாரும் சயனைடு கடித்தார்கள், 12 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு கிழக்கில் சிங்களப் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். இந்திய கமாண்டோக்கள் ஐந்து பேரைப் புலிகள் பிடித்துக் கொன்றார்கள். அக்டோபர் 10 வாக்கில் 'ஆபரேஷன் பவன்' ஆரம்பமானது. யாழ்ப்பாணத்தைக் கைப்பற்ற உத்தரவு.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், உத்தரவு மாறினாலும் படை மாறவில்லை. ஜூலையில் அமைதி காக்கப் போன படைக்குத்தான் அக்டோபரில் ஒரு நகரத்தைப் பிடிக்கச் சொன்னார்கள். அதற்கு வேண்டிய ஆட்களையும் டாங்கிகளையும் அவசர அவசரமாக விமானத்திலும் கப்பலிலும் கொண்டு வந்தார்கள்.

அந்த இரவு

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், கொக்குவில் பகுதியில் புலிகளின் தலைமை இருக்கிறது, பிரபாகரனும் அங்கேயே இருக்கிறார் என்று தகவல். பலாலி விமானதளத்திலிருந்து அந்த இடம் 15 கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். தரை வழியாகப் போனால் சாலையெல்லாம் கண்ணிவெடி. அதனால் ஹெலிகாப்டரில் போய் மைதானத்தில் இறங்கி, தலைவர்களைப் பிடித்துவிட்டால் போரே முடிந்துவிடும் என்பது திட்டம்.

முதலில் 10-வது பாரா கமாண்டோ பிரிவைச் சேர்ந்த நூற்றுச் சொச்சம் பேர் இறங்கி, தலைமையகத்தைத் தாக்க வேண்டும். அவர்களுக்குப் பின்னால் சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரியின் 13-வது பட்டாலியனிலிருந்து சுமார் 360 பேர் வந்து மைதானத்தைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த பட்டாலியன் குவாலியரிலிருந்து பலாலிக்கு வந்து இறங்கி ஒரு நாள்கூட ஆகவில்லை. எந்தத் தெரு எங்கே போகிறது என்று பார்க்கக்கூட அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. கையில் இருந்த வரைபடங்களும் உருப்படியானவை இல்லை என்று அங்கே போய் வந்த அதிகாரிகள் எழுதியிருக்கிறார்கள்.

புலிகளுக்கு இது முன்பே தெரிந்திருந்தது. இந்திய ராணுவத்தின் வானொலிப் பேச்சை ஒட்டுக் கேட்டு, மைதானத்தைச் சுற்றிக் கட்டடங்களில் துப்பாக்கிகளோடு காத்திருந்தார்கள் என்பதுதான் பின்னால் வெளிவந்த எல்லாக் கணக்குகளும் சொல்வது.

முதல் சுற்று ஹெலிகாப்டர்கள் வந்து கமாண்டோக்களை இறக்கின. அடுத்தடுத்த சுற்றுகளில் குண்டுகள் சரமாரியாகப் பாய்ந்தன. கமாண்டோக்கள் இறங்கிவிட்டார்கள். சீக்கிய வீரர்களில் மேஜர் பிரேந்திர சிங் தலைமையில் 30 பேர் மட்டும் இறங்கினார்கள். ஹெலிகாப்டர்கள் அடிபட்டுத் திரும்பின. இனிமேல் பறந்தால் ஆட்களோடு விழும் என்ற நிலை. பறப்பது நிறுத்தப்பட்டது.

360 பேர் செய்ய வேண்டிய வேலைக்கு 30 பேர்.

கமாண்டோக்கள் தங்கள் இலக்கைத் தேடி நகர்ந்தார்கள். கூட வரும்படி சீக்கியப் பிளாட்டூனைக் கேட்டதாகவும், "மீதிப் பேர் வரும் வரைக்கும் மைதானத்தை விடக் கூடாது என்று உத்தரவு" என்று சொல்லி அவர்கள் அங்கேயே நின்றுவிட்டதாகவும் சொல்லப்படுகிறது. மீதிப் பேர் வரப்போவதில்லை என்ற செய்தி அவர்களுக்குப் போகவே இல்லை. வானொலிக் கருவியை வைத்திருந்தவர் ஆரம்பத்திலேயே விழுந்துவிட்டார். பலாலிக்கும் அந்த 30 பேருக்கும் தொடர்பு அறுந்துவிட்டது.

விடிந்தது. நடு மைதானம், மறைவே இல்லை. சுற்றிலும் மாடிக் கட்டடங்கள். குண்டுகள் தீரும் வரைக்கும் சுட்டார்கள். தீர்ந்த பிறகு கடைசியாக மிஞ்சிய மூன்று பேர் துப்பாக்கி முனைக் கத்தியோடு எழுந்து ஓடினார்கள் என்று பிழைத்தவர் சொன்னார். பிழைத்தவர் ஒரே ஒருவர், சிப்பாய் கோரா சிங். புலிகள் அவரைக் கைதியாகப் பிடித்தார்கள். மற்ற 29 பேரும் இறந்தார்கள்.

மீட்கப் போனவர்கள்

கமாண்டோக்கள் தேடிப்போன வீட்டில் பிரபாகரன் இல்லை. சந்துகளில் சிக்கி, வீடுகளுக்குள் புகுந்து, ஒரு பகல் முழுவதும் சுற்றி வளைக்கப்பட்டுக் கிடந்தார்கள். ஆறு பேர் இறந்தார்கள்.

அவர்களைக் கூட்டி வந்தது 65-வது கவசப் படையின் மேஜர் அனில் கௌல் தலைமையில் போன மூன்று டி-72 டாங்கிகள். சாலை வழியாகப் போனால் கண்ணிவெடி என்று தெரியும். அதனால் ரயில் தண்டவாளத்தின் மேலேயே டாங்கியை ஓட்டிக்கொண்டு போனார்கள்! அங்கே கண்ணிவெடி வைக்க வேண்டும் என்று புலிகளுக்குத் தோன்றவில்லை. கமாண்டோப் பிரிவின் கமாண்டிங் அதிகாரி தல்வீர் சிங் தன் ஆட்களைத் தேடி அந்த டாங்கிகளோடு போனார். வழியில் கௌலின் டாங்கி அடிபட்டது. அவர் கை, கண் இரண்டிலும் பலத்த காயம். ஆனாலும் போய்ச் சேர்ந்தார்கள்.

இந்த மீட்பு முன்கூட்டியே போட்ட திட்டத்தில் இருந்ததா? இல்லை. தண்டவாள யோசனை வரைபட அறையில் உதித்தது இல்லை, களத்தில் நின்றவர்கள் அந்த நேரத்தில் செய்த சமயோசிதம். ஆட்களை உள்ளே அனுப்பும்போது விரிவாகத் திட்டம் போட்டவர்கள், வெளியே கொண்டுவரும் வேலையை அதிர்ஷ்டத்திடம் விட்டுவிட்டார்கள்.

வாதம் 1: போயிருக்கவே வேண்டுமா?

போனது சரி என்பவர்கள் சொல்வது: தலைவரைப் பிடித்துவிட்டால் தெருத்தெருவாகச் சண்டை போட வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் ஆயிரக்கணக்கான உயிர் மிஞ்சும். ஆபத்து இருந்தாலும் முயற்சி செய்யத் தகுந்தது.

இந்த வாதத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. ஆனால் திடீர்த் தாக்குதல் என்றால் அது திடீரென்று நடக்க வேண்டும். சண்டை ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டது. புலிகள் முழு விழிப்பில் இருந்தார்கள். பாதுகாப்புக்குக் கூடவே பறந்து சுடக்கூடிய எம்ஐ-25 ஆயுத ஹெலிகாப்டர்கள் இலங்கைக்கு வந்ததே அந்த மாதக் கடைசியில்தான். வந்து ஒரு நாள் ஆகாத பட்டாலியன், மோசமான வரைபடம், ஒட்டுக் கேட்கப்படும் வானொலி. இத்தனையும் சேர்ந்த பிறகு திட்டம் என்று எதைச் சொல்வது?

வாதம் 2: ஹெலிகாப்டர்களை நிறுத்தியது சரியா?

இதில் நான் விமானிகள் பக்கம். அடிபட்ட ஹெலிகாப்டரை அதே மைதானத்துக்கு மறுபடி ஓட்டினால், உள்ளே இருப்பவர்களும் சேர்ந்து போயிருப்பார்கள். நிறுத்தியதில் தவறு இல்லை. நிறுத்த வேண்டி வந்தால் என்ன செய்வது என்று முன்பே யோசிக்காததுதான் தவறு.

ஒரு வெளிநாட்டு உதாரணம். 1980 ஏப்ரலில் ஈரானில் பிணைக் கைதிகளாக இருந்தவர்களை மீட்க அமெரிக்கா எட்டு ஹெலிகாப்டர்களை அனுப்பியது. குறைந்தது ஆறாவது வேண்டும், அதற்குக் கீழே போனால் திரும்பிவிடுவது என்று கிளம்பும் முன்பே கணக்கு வைத்திருந்தார்கள். பாலைவனத்தில் ஐந்துதான் உருப்படியாக மிஞ்சியது. திரும்ப முடிவு செய்தார்கள். கிளம்பும்போது ஒரு ஹெலிகாப்டர் விமானத்தில் மோதி எட்டுப் பேர் இறந்தது தனிச் சோகம். அந்த முயற்சி தோல்விதான், பெரிய அவமானம்தான். ஆனால் பாதி ஆட்களை மட்டும் டெஹ்ரானுக்குள் இறக்கிவிட்டு விழிக்கவில்லை.

கொக்குவிலில் நடந்ததைப் பார்த்தால் அப்படி ஒரு கணக்கு தெரியவில்லை. எத்தனை பேர் இறங்கினால் வேலை நடக்கும், எத்தனைக்குக் கீழே போனால் இறங்கியவர்களும் உடனே மைதானத்தை விட்டு நகர வேண்டும் என்று ஒரு வரி உத்தரவு இருந்திருந்தால், அந்த 30 பேரும் கமாண்டோக்களோடு சேர்ந்து நகர்ந்திருப்பார்கள். கட்டடங்களுக்குள் இருந்த கமாண்டோக்களில் பெரும்பாலோர் பிழைத்தார்கள். வெட்டவெளியில் நின்றவர்களில் ஒருவர்தான் பிழைத்தார்.

வாதம் 3: யார் பொறுப்பு?

இங்கேதான் சுவாரசியம், வேதனையும்கூட. சம்பந்தப்பட்ட பெரியவர்கள் பலரும் புத்தகம் எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு புத்தகத்திலும் தவறு பக்கத்து நாற்காலியில் இருப்பவருடையது.

களத்தில் 54-வது டிவிஷனின் தளபதி மேஜர் ஜெனரல் ஹர்கிரத் சிங். அவருக்கு மேலே அமைதிப்படை முழுவதற்கும் லெப்டினன்ட் ஜெனரல் தீபிந்தர் சிங். டில்லியில் ராணுவத் தலைமைத் தளபதி ஜெனரல் சுந்தர்ஜி, நம்ம செங்கல்பட்டுத் தமிழர். கொழும்பில் இந்தியத் தூதர் ஜே.என். தீட்சித். எல்லாருக்கும் மேலே பிரதமர் ராஜீவ் காந்தி.

தீபிந்தர் சிங் தன் நூலில் எழுதுகிறார்: புலிகளோடு சண்டைக்குப் போனால் பத்து இருபது வருடம் சிக்கிக்கொள்வோம் என்று முன்பே சொன்னாராம், தோற்ற மனநிலையோடு பேசாதீர்கள் என்று பதில் வந்ததாம். தீட்சித் 1998-ல் எழுதிய நூலில், புலிகளைச் சில வாரங்களுக்குள் அடக்கிவிடலாம் என்று சுந்தர்ஜி நம்பிக்கை கொடுத்ததாகச் சொல்கிறார். ஹர்கிரத் சிங் 2007-ல் எழுதினார்: செப்டம்பர் மாதமே, பேச்சுக்கு வரும் பிரபாகரனைச் சுட்டுவிடும்படி தீட்சித் தன்னிடம் சொன்னார், வெள்ளைக்கொடியோடு வருபவரை ஒரு ராணுவம் சுடாது என்று தான் மறுத்தேன் என்று. சுந்தர்ஜி 1999-லும் தீட்சித் 2005-லும் காலமாகிவிட்டார்கள். ஹர்கிரத் சிங்கின் புத்தகத்துக்கு அவர்கள் பதில் சொல்ல வழியில்லை.

எதை நம்புவது? என் அளவில், ஒவ்வொருவரும் அடுத்தவரைப் பற்றிச் சொல்வதைவிட, யாருமே மறுக்காததை எடுத்துக்கொள்கிறேன். புலிகளைக் குறைவாக எடை போட்டார்கள் என்பதை யாரும் மறுக்கவில்லை. உளவுத் தகவல் போதவில்லை என்பதையும் மறுக்கவில்லை. ராணுவம், தூதரகம், உளவுத்துறை மூன்றும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசவில்லை என்பதையும் மறுக்கவில்லை.

முதல் விஷயம் எனக்கு ரொம்ப ஆச்சரியம். இந்தப் பிள்ளைகளுக்கு இந்தியாவின் உளவு அமைப்பே பயிற்சி கொடுத்திருக்கிறது. கொளத்தூர் முகாம் ரகசியம் இல்லை, அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களுக்கே தெரியும். உலகத்தில் வேறு எந்த நாட்டைவிடவும் இவர்களை அறிந்திருக்க வேண்டியது நாம். ஆனால் தெரிந்தவர்கள் ஒரு இலாகாவில் இருந்தார்கள், சண்டைக்குப் போனவர்கள் வேறு இலாகாவில் இருந்தார்கள்.

இன்னொரு ஒப்பீடு. குன்னூரில் கடைசிக் காலம் வரை வாழ்ந்து, 2008-ல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் மறைந்த ஃபீல்டு மார்ஷல் மானெக்ஷா, 1971 ஏப்ரலில் உடனே கிழக்குப் பாகிஸ்தானுக்குள் போகச் சொன்ன இந்திரா காந்தியிடம், இப்போது முடியாது, நேரம் வேண்டும் என்று சொன்னதாக அவரே பலமுறை பேசியிருக்கிறார். டிசம்பரில் போனார்கள், இரண்டே வாரத்தில் முடிந்தது. முடியும் என்று சொல்ல நிறையப் பேர் கிடைப்பார்கள். இன்னும் தயாரில்லை என்று மேலே இருப்பவரிடம் சொல்வதும், அதை மேலே இருப்பவர் காதுகொடுத்துக் கேட்பதும்தான் 1987-ல் நடக்கவில்லை.

இந்த வாதத்தில் காணாமல் போனவர்கள்

இதுவரை படித்தவரைக்கும் ஒன்று கவனித்தீர்களா? கமாண்டோ, பிளாட்டூன், டாங்கி, தளபதி எல்லாம் வந்துவிட்டது. கொக்குவிலில் குடியிருந்தவர்கள் வரவில்லை. ராணுவ அதிகாரிகளின் பெரும்பாலான நூல்களும் அப்படித்தான்.

கமாண்டோக்கள் நுழைந்த வீடுகள் யாரோ குடியிருந்த வீடுகள். டாங்கிகள் போன பாதை ஊருக்கு நடுவே. அந்த இரண்டு நாட்களில் கொக்குவில் பிரம்படி பகுதியில் மட்டும் பெண்கள், பிள்ளைகள் உட்பட டஜன் கணக்கில் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். அக்டோபர் 21, தீபாவளி நாள். அன்று இந்தியப் படை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து சுட்டதில் நோயாளிகள், டாக்டர்கள், நர்ஸ்கள், ஊழியர்கள் என்று அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உள்ளிருந்து புலிகள் சுட்டார்கள் என்பது ராணுவத்தின் விளக்கம். ஆனால் அந்த இரவு முழுவதும் பிணங்களுக்கு நடுவே பிணம் மாதிரிக் கிடந்து பிழைத்தவர்களின் சாட்சியங்கள் இருக்கின்றன. இறந்த சக ஊழியர்களை அந்த ஆஸ்பத்திரியில் வருடா வருடம் நினைவுகூர்கிறார்கள்.

அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்கள் நாலு பேர் சேர்ந்து எழுதிய 'முறிந்த பனை' இந்தக் காலத்தைப் பதிவு செய்தது. இந்தியப் படை, புலிகள், மற்ற இயக்கங்கள் என்று யாரையும் விட்டுவைக்காமல் எழுதினார்கள். அதில் ஒருவரான உடற்கூறியல் பேராசிரியர் ராஜினி திராணகம 1989 செப்டம்பர் 21-ல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

நான் இரண்டு பக்கத்துச் சாவையும் தராசில் வைக்கவில்லை. பஞ்சாபின் ஏதோ கிராமத்திலிருந்து வந்து, ஏன் சுடுகிறார்கள் என்று புரியாமலே அந்த மைதானத்தில் செத்த பையனுக்கும், தன் வீட்டுக்குள்ளேயே செத்த கொக்குவில் அம்மாவுக்கும் முடிவெடுத்தவர்கள் ஒரே ஆட்கள். யோசிக்காமல் எடுத்த முடிவு தன் வீரர்களைக் கொன்றதோடு நிற்காது. சிக்கிக்கொண்டவர்களை அவசரமாக மீட்கப் போகும்போது வழியில் இருப்பவர்களையும் கொல்லும்.

அப்புறம் கற்றுக்கொண்டார்களா?

கொஞ்சம் கற்றுக்கொண்டார்கள். 1988 நவம்பர் 3-ல் மாலத்தீவில் அதிபர் கயூமின் ஆட்சியைக் கவிழ்க்க ஒரு கும்பல் தாக்கியது. தாக்கியவர்கள் அங்கத்திய வியாபாரி ஒருவர் ஏற்பாடு செய்த புளொட் இயக்கத்துத் தமிழர்கள். அன்று இரவே ஆக்ராவிலிருந்து பாரா வீரர்கள் விமானத்தில் போய் ஹுலுலே தீவில் இறங்கி, அதிபரைப் பத்திரமாக மீட்டார்கள். கிளம்பும் முன் திட்டத்தில் வேறு ஏதோ தீவின் விமானதளப் படத்தை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்களாம்! மாலத்தீவு தெரிந்த இந்தியத் தூதர் அப்போது டில்லியில் இருந்தார். அவரைக் கூப்பிட்டுக் கேட்டதால் அது தெரிந்தது, திருத்தினார்கள். யாழ்ப்பாணத்தில் இல்லாதது இதுதான். இடத்தைத் தெரிந்த ஆள் திட்டம் போடும் அறைக்குள் இருந்தார், அவர் சொன்னதைக் கேட்டார்கள்.

2000-ல் சியரா லியோனில் ஐ.நா. படையில் இருந்த கூர்க்கா வீரர்கள் இருநூற்றுச் சொச்சம் பேரைக் கைலாஹுன் என்ற ஊரில் கிளர்ச்சிக்காரர்கள் சுமார் 75 நாள் முற்றுகையிட்டார்கள். உடனே பாயவில்லை. பேசிப் பார்த்தார்கள், ஆட்களையும் ஹெலிகாப்டர்களையும் சேர்த்தார்கள், உள்ளே இருப்பவர்கள் எப்படி வெளியே வருவார்கள், எங்கே சந்திப்பார்கள் என்று முடிவு செய்துவிட்டு ஜூலை நடுவில் போனார்கள். இந்தியத் தரப்பில் ஒரு வீரர் மட்டும் இறந்தார், மற்றவர்கள் திரும்பினார்கள்.

ஆனால் ஒன்று மட்டும் நடக்கவில்லை. 1999 கார்கில் போருக்குப் பிறகு கே. சுப்ரமணியம் தலைமையில் குழு போட்டு, எங்கே கோட்டை விட்டோம் என்று விசாரித்து, அறிக்கையை வெளியிட்டார்கள். இலங்கைக்கு அப்படி ஒன்று இல்லை. 1990 மார்ச் 24-ல் கடைசி வீரர்கள் கிளம்பியபோது சுமார் 1,200 இந்திய வீரர்கள் இறந்திருந்தார்கள். சென்னையில் வந்து இறங்கியவர்களை வரவேற்க முதல்வர் கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படை என்பது அவர் சொன்ன காரணம். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தக் கோபம் திட்டம் போட்டவர்கள் மேல் போகாமல், கப்பலிலிருந்து களைத்து இறங்கிய சிப்பாய் மேல்தான் விழுந்தது. கொழும்புக்குப் பக்கத்தில் அந்த வீரர்களுக்கு இலங்கை அரசு நினைவுச்சின்னம் கட்டியிருக்கிறது. நம்மிடம் இருப்பது ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லும் புத்தகங்கள்.

கடைசியாக என் கருத்து

ஹெலிகாப்டரை நிறுத்தியது தவறா என்று கேட்பது இந்தக் கதையைப் பாதியிலிருந்து படிப்பது. அந்த 30 பேரை மீட்பது பற்றிய முடிவு அக்டோபர் 12 விடியற்காலையில் எடுக்க வேண்டியதே இல்லை. முந்தின நாள் மத்தியானம், அவர்கள் ஹெலிகாப்டரில் ஏறும் முன்பே எடுத்திருக்க வேண்டும். பாதிப் பேர்தான் இறங்கினால் என்ன, வானொலி செத்துப்போனால் என்ன, காலையில் யார் எந்த வழியாகப் போய்க் கூட்டி வருவது, அந்த வழியில் குடியிருக்கும் மக்கள் என்ன ஆவார்கள். இந்த நாலு கேள்விக்குப் பதில் இல்லாமல் ஆளை அனுப்பியவர் யாரோ, அவர்தான் பொறுப்பு. அது ஒருவர் இல்லை, டில்லியிலிருந்து பலாலி வரைக்கும் நீளமான வரிசை. அந்த வரிசையில் யாருமே அரசாங்க விசாரணை முன்னால் நின்று வெளிப்படையாகப் பதில் சொல்லவில்லை.

நாளைக்கு நம் வகுப்பிலிருந்தே யாராவது வெலிங்டன் போய்ப் படிக்கலாம், சூலூரில் வேலைக்குச் சேரலாம், வெளியுறவுத்துறைப் பரீட்சை எழுதலாம். அவர்களுக்காகத்தான் முக்கியமாக இதை எழுதினேன். விமானிகள் இன்னொரு முறை முயற்சி செய்திருக்க வேண்டும் என்றோ, தலைவரைப் பிடிக்கும் முயற்சி சரிதான் என்றோ நினைப்பவர்கள் இருப்பீர்கள். காரணத்தோடு சொல்லுங்க, பேசுவோம்.